கோடைக்கு முந்தைய கணக்கு: புழக்கடையில் மரமும் கோழியும் கீரையும்

கோடை நெருங்கும்போது வேளாண் இதழ்களிலும் வானொலியிலும் இரண்டு வகை அறிவுரை வரும். ஒன்று தோட்டத்துக்கு: மூடாக்குப் போடுங்கள், நிழல்வலை கட்டுங்கள், பானைப் பாசனம் வையுங்கள். மற்றொன்று கோழிக்கு: குளிர்ந்த தண்ணீர் வையுங்கள், மோர் கொடுங்கள், அசோலா வளருங்கள். தனித்தனியாகப் பார்த்தால் பெரும்பாலும் சரியானவைதான். ஆனால் ஒரே குழாயை நம்பி முருங்கையும் கத்தரியும் பத்துக் கோழியும் வைத்திருக்கும் வீட்டில் இரண்டையும் சேர்த்துச் செய்யப் போனால் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். காலையில் போட்ட மூடாக்கைக் கோழி மதியத்துக்குள் சீய்த்து வாய்க்காலில் தள்ளியிருக்கும். அசோலாத் தொட்டி ஆவியாக விடும் தண்ணீர் கோழி குடிப்பதைவிடக் கூடுதலாக இருக்கும். தோட்டத்தையும் கோழியையும் ஒரே தண்ணீர்க் கணக்கில் வைத்துப் பார்த்த எழுத்து தமிழில் குறைவு. கரூர், திண்டுக்கல், விருதுநகர் போன்ற உள்மாவட்டப் புழக்கடைகளை மனத்தில் வைத்து அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வறண்ட கோடையில் எல்லாவற்றையும் காப்பாற்ற நினைப்பவர்தான் அதிகம் இழக்கிறார். எது போனால் திரும்ப வர நீண்ட காலம் ஆகுமோ, அதற்குத்தான் முதல் குடம். மற்றதை மாசியிலேயே குறைத்துக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு வறட்சி, எவ்வளவு தண்ணீர்

தமிழ்நாட்டின் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 920 மி.மீ. அதில் கிட்டத்தட்டப் பாதி வடகிழக்குப் பருவமழையில், அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் வந்துவிடுகிறது. ஆகவே நம் கோடையின் தலையெழுத்து சித்திரையில் எழுதப்படுவதில்லை. ஐப்பசி, கார்த்திகையிலேயே தெரிந்துவிடும். 2016-இல் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவை என்று அரசு அறிவித்தது. கார்த்திகையில் கிணற்றை எட்டிப் பார்த்தவர்களுக்கு அந்த அறிவிப்பு புதுச் செய்தியாக இருந்திருக்காது. கோடைக்கான ஆயத்தத்தைப் பங்குனி வெயில் உறைத்த பிறகு தொடங்குவது, நமக்கு இயற்கை கொடுத்திருக்கும் மூன்று மாத முன்னறிவிப்பை வீணடிப்பதுதான்.

இனி வீட்டுக் கணக்கு. ஒரு மில்லிமீட்டர் நீர் என்பது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். உள்மாவட்டங்களில் சித்திரை வெயிலில், திறந்த தொட்டியிலிருந்து நாளொன்றுக்கு ஏழு மில்லிமீட்டர் ஆவியாவது சாதாரணம். காற்றடித்தால் அதற்கும் மேல். பத்தடிக்குப் பத்தடிப் பாத்தியில் அடர்ந்து வளர்ந்த காய்கறிக்கும் ஏறக்குறைய அதே கணக்குத்தான்: ஒரு நாளைக்கு 65 லிட்டர். 15 லிட்டர்க் குடத்தில் நான்குக்கு மேல். கோழி அப்படியில்லை. இதமான பருவத்தில் கால் லிட்டர் அளவில் குடிக்கும் கோழி கத்திரி வெயிலில் அரை லிட்டர் வரை குடிக்கும். பத்துக் கோழிக்கு ஐந்து லிட்டர், அதாவது ஒரு குடத்தில் மூன்றில் ஒரு பங்கு.

ஜல் ஜீவன் திட்டம் கிராமத்து ஆளொருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று இலக்கு வைத்திருக்கிறது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 220 லிட்டர், அதுவும் குழாயில் ஒழுங்காக வந்தால். அதில் 65 லிட்டரை ஒரு கத்தரிப் பாத்திக்குக் கொடுக்க யாருக்கும் மனம் வராது. மிஞ்சுவது கழுவிய தண்ணீர். நகரத்து வீடுகளுக்கான 135 லிட்டர்க் கணக்கில் பாத்திரம் கழுவ ஆளுக்குப் பத்து லிட்டர் என்று இந்தியத் தரக்குறியீடு பிரித்து வைத்திருக்கிறது. கிராமத்தில் அதைவிடக் குறைவாகவே செலவாகும். அரிசி களைந்தது, காய் அலசியது, பாத்திரம் கழுவியது எல்லாம் சேர்ந்து 30 லிட்டர் தேறினால் நல்லது. ஆகக் கோடையில் ஒரு வீடு புதுத்தண்ணீர் தொடாமல் வளர்க்கக்கூடிய காய்கறிப் பரப்பு ஐம்பது சதுர அடிக்குள்தான். மாடி முழுக்கத் தொட்டி வைத்துவிட்டு மே மாதம் லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றுபவர்கள் தோட்டம் போடுவதாகச் சொல்ல முடியாது. தண்ணீரை விலைக்கு வாங்கிக் கத்தரிக்காயாக மாற்றிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

எது போனால் எப்போது திரும்பும்

தண்ணீர் இவ்வளவுதான் என்று தெரிந்த பிறகு அடுத்த கேள்வி, யாருக்கு முதலில் என்பது. வழக்கமாக வாடியதற்கு முதலில் ஊற்றுகிறோம். கீரை மதியம் இரண்டு மணிக்கே தலை தொங்கிப் பரிதாபமாக நிற்கும்; எலுமிச்சை வாய் திறக்காது. ஆனால் கீரை 25 நாளில் மீண்டும் வந்துவிடும். கொத்தவரை இரண்டு மாதத்தில் காய்க்கும். ஒரு பெட்டையும் ஒரு சேவலும் மிஞ்சினால் ஓராண்டுக்குள் கோழிக்கூட்டம் பழையபடி நிரம்பும். எலுமிச்சை பட்டுப்போனால் மூன்று, நான்கு ஆண்டு. மாமரம் போனால் அதற்கும் மேல். வேம்பு போனால் பேரப்பிள்ளை காலத்தில்தான் அந்த நிழல்.

ஆகவே வரிசை இப்படி: முதலில் மரம், அடுத்து கோழி, கடைசியில் காய்கறி. அதிலும் மூன்று நான்கு ஆண்டுக்கு உட்பட்ட இளமரம்தான் எல்லாவற்றுக்கும் முதல். வேர் ஆழம் போகாத கன்று ஒரு கோடையில் போய்விடும். வளர்ந்த மரம் இலையை உதிர்த்துத் தன்னைக் காத்துக்கொள்ளும்.

மரத்துக்கு முதலிடம் கொடுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வெயிலில் கோழியைக் கொல்வது பெரும்பாலும் தாகமில்லை, சூடு. அதைத் தணிக்கத் தண்ணீரைவிட நிழல்தான் பெரிய மருந்து. எலுமிச்சைக்கு ஊற்றும் குடம் கோழிக்கும் போய்ச் சேர்கிறது. தோட்டத்தையும் கோழியையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் மட்டும் கண்ணில் படும் உண்மை இது.

இளமரத்துக்கு நீர் கொடுப்பதில் பானைப் பாசனத்தை மிஞ்சியது இல்லை என்றே சொல்வேன். கிறித்துவுக்கு முந்தைய முதலாம் நூற்றாண்டில் சீனத்தில் எழுதப்பட்ட பான் ஷெங்ஷியின் வேளாண் நூலிலேயே இந்த முறை வருகிறது. வேரிலிருந்து ஒன்றரை அடி தள்ளிக் குழி எடுத்து, எட்டு முதல் பத்து லிட்டர் கொள்ளும் மண்பானையைக் கழுத்து வரை புதைத்து, நிரப்பி மூடிவிட வேண்டும். மண் காய்ந்திருந்தால் பானை வேகமாகக் கசியும், ஈரமாக இருந்தால் மெதுவாகக் கசியும். மேல்மண் ஈரமாவதில்லை என்பதால் ஆவியாகும் நீரும் களையும் குறைவு. நடைமுறையில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. நன்றாகச் சுட்டுக் கெட்டிப்பட்ட பானையும் வண்ணம் பூசிய பானையும் கசியாது. வாங்கும்போதே தண்ணீர் ஊற்றி வைத்து, சற்று நேரத்தில் வெளிப்புறம் வியர்க்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு அதிகமென்றால் ஓரிரு கோடைக்குள் நுண்துளைகள் அடைத்துக்கொள்ளும். இன்னொன்று கோழி வளர்ப்பவர்களுக்கு மட்டும்: மூடி இல்லாத பானையில் குஞ்சு விழுந்து செத்துப்போகும். பானை வாயில் ஓட்டுச்சில்லும் அதன்மேல் ஒரு கல்லும் கட்டாயம்.

கோடையிலும் நிற்பவை

காய்கறியில் கோடைக்குத் தாங்குவது எது என்று பார்த்தால் பட்டியல் சிறியது, ஆனால் நல்லது. தக்காளியை விட்டுவிடலாம். பகலில் 35 பாகையைத் தாண்டி இரவும் குளிராவிட்டால் அதன் மகரந்தம் வலுவிழந்துவிடும். செடி பச்சையாக நிற்கும், பூ உதிரும். எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் பிஞ்சு பிடிக்காது. பாகலும் பீர்க்கும் வெக்கையில் ஆண்பூவாகவே பூத்துத் தள்ளும். நல்ல நிலையில் இருக்கும் கொடியை மட்டும் விட்டு, பங்குனியில் புதுவிதை போடாமல் இருப்பது புத்திசாலித்தனம். தாங்குபவை கொத்தவரை, தட்டைப்பயறு, வெண்டை, தண்டுக்கீரை, சுண்டைக்காய். பாத்திரம் கழுவும் கல்லுக்கு அடியில் பொன்னாங்கண்ணியும் சேம்பும் வாழையும். வேலியில் பிரண்டை. சோப்பு நீரில் உப்புச்சத்து இருப்பதால் அது போகும் இடத்தை அடிக்கடி மாற்ற வேண்டும். சாம்பலோ சீயக்காயோ போட்டுத் துலக்குகிற வீட்டில் அந்தக் கவலை குறைவு.

முருங்கையைத் தனியே சொல்ல வேண்டும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து 1989-இல் வெளியான பி.கே.எம்.1 செடிமுருங்கை பேர்பெற்றது; விதை போட்ட ஆண்டே காய்க்கும், அதற்கேற்பத் தண்ணீரும் கேட்கும். புழக்கடைக்கு, வறண்ட ஊருக்கு, போத்து வெட்டி நட்ட பழைய மரமுருங்கையே என் தேர்வு. வேர் பிடித்த பிறகு கோடையில் தண்ணீர் கேட்காது. மற்றதெல்லாம் வாடும் மாதங்களில்தான் அது காய்க்கும். இலையைக் கழித்துப் போட்டால் கோழிக்குப் பசுந்தீனி. தாழ்ந்த கிளையில் கோழி இரவு அடையும்.

மூடாக்குக்கு வருவோம். வெறும் மண்ணைவிட மூடிய மண் ஈரத்தைப் பல நாள் கூடுதலாகப் பிடித்து வைக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் வைக்கோல், சருகு, கரும்புத் தோகை என்று எதைப் போட்டாலும் அதன் அடியில் கரையானும் பூச்சியும் சேரும்; பூச்சி சேர்ந்த இடத்தில் கோழி நிற்கும். கோழியைக் கூண்டில் அடைத்துவிடுங்கள் என்பது எளிய பதில். கோடையில் அதுதான் ஆபத்தான பதிலும். என் பார்வையில் நல்ல வழி தேங்காய் மட்டை. உட்புறம் கீழாக, ஒன்றை ஒன்று ஒட்டி அடுக்கினால் கோழிக் காலுக்கு அசையாது. நார் தன் எடையைப்போல் பல மடங்கு நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தென்னந்தோப்புக்காரர்கள் வட்டப்பாத்தியில் காலங்காலமாகச் செய்வதுதான் இது. மட்டை கிடைக்காத ஊரில் சருகின்மேல் வேலிக்கருவை முள்ளை வெட்டிப் பரப்பலாம். அழகாக இருக்காது, கோழி கிட்டே வராது.

வெயிலில் கோழிக்கு என்ன ஆகிறது

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடல் வெப்பம் இயல்பாகவே 41, 42 பாகை. வெளியே 30-ஐத் தாண்டும்போது இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைக்கும். அதற்குமேல் வாயைப் பிளந்து மூச்சு வாங்கும். வேகமாக மூச்சு விடும்போது நுரையீரலிலிருந்து ஈரம் ஆவியாகி உடல் குளிரும். கூடவே கரியமிலவாயுவும் அளவுக்கு மீறி வெளியேறி, இரத்தத்தின் காரத்தன்மை ஏறும். முட்டை ஓடு உருவாகத் தேவையான சுண்ணாம்புச் சத்து அதனால் தடைப்படும். சித்திரையில் ஓடு மெலிந்த முட்டை வருவதற்கு இதுவே முதன்மையான காரணம். கிளிஞ்சல் போட்டும் ஓடு தேறவில்லை என்று அலுத்துக்கொள்பவர்கள் கூண்டின் கூரையைப் பார்க்க வேண்டும்.

கூரைதான் பெரும்பாலான சாவுக்குக் காரணம். ஒரு புழக்கடைக் கூண்டை நினைத்துப் பாருங்கள்: ஹாலோ பிளாக் சுவர், மேலே தகரம், முன்னால் ஒரு முழக் கதவு, நாய்க்குப் பயந்து வேறெங்கும் சந்து இல்லை. பகல் முழுக்கச் சூடேறிய கல் இரவு பத்து மணிக்கும் அனலைக் கக்கும். பன்னிரண்டு கோழி அடைந்தால் அவற்றின் மூச்சுச் சூடும் அதோடு சேரும். விடியற்காலையில் கதவைத் திறந்தால் கனத்த பெட்டை ஒன்று மூலையில் செத்துக் கிடக்கும். நோய் என்று நினைத்து மருந்து தேடுவார்கள். தகரத்தின்மேல் தென்னங்கீற்றோ பனையோலையோ ஒரு சாண் கனத்துக்குப் போட்டு, இரண்டு பக்கச் சுவரில் மேல்பாதியை எடுத்துவிட்டுக் கம்பிவலை அடித்தால் போதும். கூரைக்குச் சுண்ணாம்பு அடிப்பதும் உதவும். பகலில் பஞ்சாரத்தை வேம்பின் அடியில் கவிழ்த்து வைத்த நம் பாட்டிமார்களுக்கு இந்தச் சங்கடம் இருந்ததில்லை. மூங்கில் பஞ்சாரத்தில் எல்லாப் பக்கமும் காற்று நுழையும்.

ஈரச் சாக்கைத் தொங்கவிடலாமா? ஊரைப் பொறுத்தது. கரூர் பரமத்தி, வேலூர் போன்ற உலர்காற்று ஊர்களில் ஈரச் சாக்கு உண்மையிலேயே காற்றைக் குளிர்விக்கும். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கடற்காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்திருக்கும்; அங்கே சாக்கை நனைத்தால் புழுக்கம் கூடும், கோழி மூச்சால் உடலைக் குளிர்விப்பதும் தடைப்படும். கடலோரத்தில் காற்றோட்டம்தான் வழி. அறிவுரைகளில் இந்த வேறுபாடு சொல்லப்படுவதே இல்லை.

தண்ணீரின் அளவைவிட அதன் சூடு முக்கியம். மொட்டைமாடிப் பிளாஸ்டிக் தொட்டியிலிருந்து மதியம் பிடித்த தண்ணீரைக் கோழி ஒரு வாய் குடித்துவிட்டுப் போய்விடும். அகன்ற மண்சட்டியைப் பாதி புதைத்து நிழலில் வைத்து, பதினொரு மணிக்கு ஒருமுறை, மூன்று மணிக்கு ஒருமுறை பானைத் தண்ணீரால் மாற்றினால் குடிக்கும். சட்டியைக் கூண்டை ஒட்டி வைக்க வேண்டாம். கோடையில் பாம்பும் ஈரத்தையும் நிழலையும் தேடி வரும். வந்த இடத்தில் முட்டையும் இருந்தால் தங்கிவிடும்.

தீனி நேரத்தையும் மாற்ற வேண்டும். தின்ற தீனி செரிக்கும்போது உடலில் சூடு உண்டாகிறது, சில மணி நேரம் கழித்து அது உச்சத்துக்குப் போகும். பத்து மணிக்கு வயிறு நிறையத் தின்ற கோழிக்கு மதிய வெயிலும் செரிமானச் சூடும் ஒரே நேரத்தில் வந்து சேரும். விடிந்ததும் ஒருமுறை, நான்கரை மணிக்குமேல் ஒருமுறை கம்போ குருணையோ போட்டு, நடுப்பகலில் நிறுத்திவிடுவதே சரி. மோரும் நறுக்கிய சின்ன வெங்காயமும் கொடுப்பதில் கெடுதல் இல்லை. நெல்லிக்காய் கொடுப்பதற்குக் காரணம் உண்டு: வைட்டமின் சி-யைக் கோழி தானே உடலில் உண்டாக்கிக்கொள்ளும், ஆனால் வெக்கையில் அது போதாமல் போகும்.

மூச்சு வாங்கிக் கீழே சாய்ந்துவிட்ட கோழியை நிழலுக்குக் கொண்டுபோய், காலையும் கொண்டையையும் நனைத்து, சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுக்கலாம். வாயைப் பிளந்து தண்ணீரை ஊற்றினால் மூச்சுக்குழலில் போய்ச் சாகும்.

அசோலாவைப் பற்றி ஒரு வார்த்தை. புரதம் மிகுந்த நல்ல தீனிதான். மழைக்காலத்தில், மாடும் கோழியும் உள்ள வீட்டில் வளர்க்கலாம். இரண்டு சதுர மீட்டர்த் தொட்டி சித்திரையில் நாளொன்றுக்குப் பதினான்கு லிட்டர் ஆவியாக விடும், மேலும் 35 பாகைக்குமேல் அசோலாவே துவண்டுவிடும். வறண்ட கோடைக்கு அது பொருந்தாத அறிவுரை. பதிலுக்குக் கரையான் இருக்கிறது. ஓட்டைப் பானையில் இற்ற சாக்கு, காய்ந்த சாணம், கிழிந்த ஓலை, மக்கிய கட்டை ஆகியவற்றைத் திணித்துத் தண்ணீர் தெளித்து, கரையான் நடமாட்டம் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால் விடிகாலையில் பானைக்குள் கரையான் மொய்த்திருக்கும். வெயில் ஏறுவதற்குள் எடுத்துக் குஞ்சுகள் முன்னால் உதற வேண்டும். செலவு ஒரு சொம்புத் தண்ணீர்.

எந்தக் கோழி, எத்தனை

2019-ஆம் ஆண்டின் 20-வது கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவின் மொத்தக் கோழியினம் 85 கோடி. அதில் புழக்கடையில் வளர்பவை 31.7 கோடி, முந்தைய கணக்கெடுப்பைவிட 45 விழுக்காட்டுக்கு மேல் உயர்வு. மொத்த எண்ணிக்கையில் தமிழ்நாடு 12 கோடியுடன் முதலிடம். அந்த முதலிடம் பெரும்பாலும் நாமக்கல் பண்ணைகளால் வந்தது, புழக்கடைகளால் அல்ல.

புழக்கடைக்கு என்று பரிந்துரைக்கப்படும் இனங்கள் பல. ஐதராபாத்திலிருந்து வனராஜா, கிராமப்பிரியா, பெங்களூரிலிருந்து கிரிராஜா, நம் கால்நடைப் பல்கலைக்கழகத்திலிருந்து நந்தனம் கோழிகள். இவை நாட்டுக்கோழியைவிடக் கூடுதலாக முட்டையிடும் அல்லது விரைவில் எடை போடும். நாட்டுப்பெட்டை ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டைதான். மழையும் தீனியும் உள்ள ஆண்டில் புதிய இனங்கள் இலாபமே. ஆனால் வறட்சியை வைத்துப் பார்த்தால் என் தீர்ப்பு வேறு. கனத்த உடம்பு சூட்டை எளிதில் வெளியேற்றாது. பருந்து இறங்கினால் ஓடவும் முடியாது. அதைவிட முக்கியம், முட்டைக்காகப் பெருக்கிய இனங்கள் பெரும்பாலும் அடை உட்காராது. கோடையில் பாதி போனால் மீதியை வைத்துக் கூட்டத்தைத் திரும்ப நிரப்ப முடியாது; காசு கொடுத்துத்தான் குஞ்சு வாங்க வேண்டும். சிறுவிடை என்னும் நாட்டுப்பெட்டை குறைவாக இட்டாலும் தானே அடைகாத்து, தானே குஞ்சைக் காக்கும். கழுத்தில் இறகில்லாத கோழி கிடைத்தால் விடாதீர்கள். அந்தப் பண்பு பெற்றோர் ஒருவரிடமிருந்து வந்தால் உடம்பில் இறகு ஏறக்குறைய 20 விழுக்காடும், இருவரிடமிருந்தும் வந்தால் 40 விழுக்காடும் குறையும். பார்க்க நன்றாக இல்லை என்று முதலில் குழம்புக்குப் போவது பாவம் அதுதான்.

எண்ணிக்கையை மாசியிலேயே குறைப்பதற்குச் சந்தையும் ஒத்துழைக்கும். பங்குனி, சித்திரையில் அம்மன் கோவில் திருவிழாக்கள். உறவுமுறை வரும், சேவலுக்கு நல்ல விலை நிற்கும். கோழிக்காசு பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் சிறுவாடு. கூலிவேலை இல்லாத மாதங்களில் கையில் காசு இருப்பதற்கு உதிரிச் சேவலை விற்பது வழி. மொய்க்கும் மருந்துச் செலவுக்கும் அவசரப்பட்டு அடைப்பெட்டையை விற்கும் நிலை வராமல் இருக்க, சேவலை முன்பே விற்றிருக்க வேண்டும்.

சித்திரையில் அடை வைக்காமல் இருப்பதே நல்லது. கோழிக்கருவின் வளர்ச்சி 25 பாகையை ஒட்டிய வெப்பத்திலேயே மெல்லத் தொடங்கிவிடும். 38 பாகை வெக்கையில் அலமாரியில் ஒரு வாரம் கிடந்த முட்டைக்குள் கரு அரைகுறையாக வளர்ந்து செத்திருக்கும். 21 நாள் பெட்டை உட்கார்ந்தது வீண். வைத்தே ஆக வேண்டுமென்றால் ஈரமணல் பானைக்குமேல் இன்னொரு சட்டியில் முட்டையைச் சேர்த்து, நான்கைந்து நாளுக்குள் வைக்க வேண்டும். கோடையில் கோழிப்பேனும் செல்லும் பெருகி, அடைப்பெட்டையை எழுப்பி விரட்டும். கூடையில் நொச்சித் தழையும், பக்கத்தில் சாம்பலும் மணலும் கலந்த குழியும் வேண்டும். அந்தக் குழி இருந்தால் கோழி உங்கள் கீரைப்பாத்தியில் புழுதி குளிக்காது.

கோழி எருவைக் கோடையில் செடிக்குப் போடவே வேண்டாம். தழைச்சத்து மிகுந்த பச்சை எரு, தண்ணீர் குறைந்த மண்ணில் வேரைக் கருக்கும். சருகோடு கலந்து நிழலில் குவித்து ஆடிப்பட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

வெயிலைவிடப் பெரிய எதிரி

இவ்வளவும் செய்த பிறகும் ஒரே வாரத்தில் கூண்டு காலியாகும் வீடுகள் உண்டு. கிராமத்தில் "சீக்கு வந்துபோச்சு" என்பார்கள். பெரும்பாலும் அது வெள்ளைக்கழிச்சல். 1926-இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் முதலில் அறியப்பட்டு, அடுத்த ஆண்டுகளில் இமயமலைப் பகுதியில் உள்ள ராணிக்கேத்தில் கண்டறியப்பட்ட நச்சுயிரி நோய். தடுப்பூசி போடாத கூட்டத்தில் பத்தில் எட்டு, ஒன்பது போய்விடும். கோடையில் அது பரவ வெக்கையால் தளர்ந்த உடம்பு ஒரு காரணம். திருவிழாவை ஒட்டிச் சந்தைக்குச் சந்தை, ஊருக்கு ஊர் கோழி கைமாறுவது இன்னொரு காரணம். நோய் கண்டதும் மிச்சத்தை மலிவாகச் சந்தையில் தள்ளிவிடும் பழக்கமும் இருக்கிறது. பங்குனியில் சந்தைக்கோழி வாங்கினால் பதினைந்து நாள் தனியே கட்டி வைத்த பிறகே கூட்டத்தில் விட வேண்டும்.

சீரகம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி அரைத்து உருட்டிக் கொடுக்கும் நாட்டு வைத்தியம் கோழிக்குத் தெம்பு தரலாம். அம்மைக்கு வேப்பிலையும் மஞ்சளும் பூசுவதும் புண்ணுக்கு இதம். தடுப்பூசியின் இடத்தில் இவற்றை வைக்க முடியாது. ஏழாம் நாள் லசோட்டா சொட்டு மருந்து, எட்டாம் வாரம் இறக்கை அடியில் ஊசி: இவையே அடிப்படை. இங்கேயும் வெயில் குறுக்கே வருகிறது. குளிரிலேயே வைக்க வேண்டிய மருந்து, மருந்தகத்திலிருந்து குக்கிராமம் போய்ச் சேர்வதற்குள் வெக்கையில் வீரியம் இழக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் உருவான ஐ-2 என்னும் வெப்பம் தாங்கும் தடுப்பூசி இந்தத் தொல்லைக்காகவே வந்தது. ஆப்பிரிக்கக் கிராமங்களில் பயன்படுகிறது.

தமிழக அரசு ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரியில் இருவாரம் இலவசத் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. காலம் சரியானது, கோடைக்கு முன்பே எதிர்ப்பு உடலில் ஏறிவிடும். குறை, முகாம் நேரத்தில் இருக்கிறது. பத்து மணிக்குக் கால்நடை மருந்தகத்தார் வந்து இறங்கும்போது கோழிகள் காட்டுக்கும் குப்பைமேட்டுக்கும் போயிருக்கும். மேய்ச்சலுக்குப் போன நாட்டுக்கோழியைப் பகலில் பிடிக்க முயன்றவர்களுக்கு மற்றதைச் சொல்ல வேண்டியதில்லை. ஊசி மருந்துக் குப்பி நூறு கோழிக்கானது, கரைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். ஐந்தாறு கோழிக்குப் போட்டுவிட்டு மீதியைக் கொட்டுகிறார்கள். முகாம் விடியற்காலை ஆறு மணிக்கு, கூண்டு திறக்கும் முன் நடக்க வேண்டும். தெருவுக்குப் பத்து வீடு முதல்நாளே பேசிவைத்துக்கொண்டால் ஒரு குப்பி வீணாகாது. அடுத்த பிப்ரவரிக்கு முன் உங்கள் ஊர் மருந்தகத்தில் இதைக் கேளுங்கள். கிராமசபையில் எழுதிக் கொடுங்கள். அன்று காலை மட்டும் கூண்டைத் திறக்காமல் வைத்திருங்கள்.